மென்பொருட் கட்டுமானம்: தமிழ்வழியில் ஒரு முதுகலைப் படிப்பு

 

மேனிலைப் பள்ளியிற் கணினியறிவியலைத் தமிழிற் கற்ற மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பதினோராம் வகுப்பில் சி பிளசு பிளசு, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தன் என இரு நிரல்மொழிகளைத் தமிழ்ப் பாடநூல் வழியே அவள் பயின்றிருக்கின்றாள். மாறி, மடக்கு, செயற்கூறு என்னும் சொற்களெல்லாம் அவளுக்குப் பழகிய சொற்கள். நிறைந்த மதிப்பெண்ணும் பெற்றுவிட்டாள். கல்லூரியுட் புகுந்த முதற்கிழமையிலேயே அவையனைத்தும் திரைக்குப் பின்னே சென்றுவிடுகின்றன. விரிவுரை ஆங்கிலம், நூல் ஆங்கிலம், வினாவும் விடையும் ஆங்கிலம். செய்முறைத் தேர்வுக்குரிய நிரல்களை அவள் நெட்டுருச் செய்கின்றாள், ஓர் அரைப்புள்ளியும் பிறழாமல் எழுதிக் காட்டுகின்றாள், தேறியும் விடுகின்றாள். அந்நிரல் ஏன் அவ்வாறு எழுதப்பட்டது, வேறு வகையில் எழுதியிருந்தால் என்ன கெடும் என்று வினவுவதற்கு மட்டும் அவளிடம் மொழியில்லை. அறிவிற் குறையுடையாள் என்று ஊர் சொல்கின்றது. அவளும் அதனை நம்பத் தொடங்குகின்றாள். இக்கொடுமை ஆண்டுதோறும் நிகழ்கின்றது.

அவள்பொருட்டும், அவள் கையாற் பின்னாளில் ஆகவேண்டிய தமிழ்ப் பணியின்பொருட்டும் இவ்வவைமுன் வைக்கப்படும் வேண்டுகோள் ஒன்றே. மென்பொருட் கட்டுமானம் என்னும் துறையில், தமிழ்வழியில், ஈராண்டு முதுகலைப் படிப்பொன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பெறல் வேண்டும். அதன் இடங்களுட் பாதி கணினியறிவியலிற் பட்டம் பெற்றோர்க்கும், பாதி தமிழிலக்கியத்திற் பட்டம் பெற்றோர்க்கும் உரியனவாதல் வேண்டும். பின்னதைக் கேட்டுப் புன்முறுவல் பூப்போர் இவ்வவையிலேயே உளர். அவர்க்குரிய விடை சற்றுப் பின்னர் வரும்.

கட்டுமானம் என்னும் சொல் ஆய்ந்தே இங்கு ஆளப்படுகின்றது. நிரலெழுதுதல் வேறு, மென்பொருள் கட்டுதல் வேறு. தனிப்பாடல் ஒன்றை ஒரு மாலைப்பொழுதிற் பாடிவிடலாம். தொடர்நிலைச் செய்யுளுக்கு அது போதாது. முதற்காண்டத்தில் நட்ட வித்து இறுதிக் காண்டத்தில் முளைக்கவேண்டும்; ஒரு மாந்தர்க்கு ஓரிடத்திற் கொடுத்த இயல்பு பிறிதோரிடத்தில் மாறுபடலாகாது. முப்பது வரி நிரலை எழுதத் தெரிந்தவன் மூன்று நூறாயிரம் வரி மென்பொருளைக் கட்டத் தெரிந்தவனாகான். அதனைக் கட்டுவோர் ஐம்பதின்மர். எழுதியவர் விலகிச் சென்றபின் திருத்துவோர் வேறு ஐம்பதின்மர். பயன்படுத்துவோர் முகமறியாத பல்லாயிரவர். ஒருவர் எழுதியது மற்றவர்க்கு விளங்கவேண்டும் என்பதே இத்துறையின் உயிர்நிலை. எனவே இது பொறியைப் பற்றிய கல்வி என்பதனினும் எழுத்தைப் பற்றிய கல்வி என்பதே பொருந்தும்.

மேலையோர் இதனை இடருற்றே கற்றனர். 1968-ஆம் ஆண்டு அற்றோபர்த் திங்களிற் செருமனி நாட்டுக் கார்மிசு நகரில் அறிஞர் ஒரு மாநாடு கூடினர். பொறிகள் பெருகிவிட்டன, அவற்றுக்குரிய மென்பொருள் குறித்த நாளில் முடிவதில்லை, முடிந்தாலும் பிழை நீங்குவதில்லை என்பதே அங்கு எழுந்த முறையீடு. மென்பொருட் பொறியியல் என்னும் துறைப்பெயர் அதன் பின்னரே பரவியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும்பணியொன்றை நடத்தி நொந்த பிரெடரிக்கு புரூக்சு 1975-இல் ஒரு நூல் எழுதினார். காலந்தாழ்ந்த பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் காலந்தாழும் என்பது அந்நூல் உலகுக்குச் சொன்ன கசப்பான உண்மை. 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் பல்கலைக்கழகம் இத்துறைக்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் 2008-இல் மென்பொருட் கட்டுமானத்தின் அடிப்படைகள் என்னும் பாடத்தையே வகுத்தது. அப்பாடம் மாணவர்க்கு வைத்த குறிக்கோள் மூன்று: கட்டுவது பிழையினின்று காக்கப்பட்டிருத்தல், பிறர்க்கு எளிதில் விளங்குதல், நாளைய மாற்றத்துக்கு இடங்கொடுத்தல். விரைவு என்பதும் ஊதியம் என்பதும் அம்மூன்றனுள் இல்லை.

பிழை என்றால் எத்துணைப் பிழை என்று கேட்போர்க்கு ஒரு சான்று. 1996 சூன் 4-ஆம் நாள் தென்னமெரிக்காவில், பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 என்னும் புத்தம்புதிய ஐரோப்பிய ஏவூர்தி நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களைச் சுமந்து எழுந்தது. முப்பத்தேழு நொடி அளவில் நெறிபிறழ்ந்து, வானிலேயே சிதறியது. எரிபொருளிற் குறையில்லை, உலோகத்திற் குறையில்லை. பழைய ஏரியன்-4 ஏவூர்திக்கு எழுதிய மென்பொருட்கூறு ஒன்றைப் புதியதில் அப்படியே பொருத்தியிருந்தனர். பக்கவாட்டு விரைவைக் குறிக்கும் பேரெண் ஒன்றைச் சிறிய கலத்தில் மாற்றி இடுவது அதன் பணிகளுள் ஒன்று. அக்கலம் கொள்ளும் உச்ச எண் 32,767. பழைய ஏவூர்தியின் விரைவு அதனைத் தாண்டியதில்லை. புதியது விரைவு மிக்கது, எண் கலத்தில் அடங்கவில்லை, கணினி செயலிழந்தது. துணைக்கென வைத்திருந்த கணினியிலும் அதே மென்பொருள். அதுவும் அதே கரணியத்தால் அதற்குச் சற்று முன்னரே வீழ்ந்திருந்தது. இன்னும் வருந்தத்தக்க செய்தி, அக்கணக்கீடு ஏரியன்-5 எழும்பியபின் தேவையே இல்லாத ஒன்று.

இலக்கணம் கற்றோர் இவ்விடத்தில் ஒன்றை உணர்வர். நூற்பா எழுதிய ஆசான் இறுதியிற் புறனடை ஒன்று வைப்பான். எடுத்தோதியவற்றுள் அடங்காது வருவனவற்றை என்செய்வது என்று அது சொல்லும். அந்த ஏவூர்தி நிரலில் இவ்வாறு எண் மிகக்கூடிய இடங்கள் ஏழு என்று கண்டறிந்திருந்தனர், நான்குக்குக் காப்புச் செய்தனர், மூன்றை விட்டனர். ஓரெண் மிகாது என்று கொண்ட கருத்தோ, பழைய ஏவூர்திக்கு மட்டுமே பொருந்துவது. புறனடையில்லாத இலக்கணம் விண்ணில் ஏறிச் சிதறியது.

இதனாற் தொல்காப்பியர் கணினி கண்டார் என்று மேடையில் முழங்கத் தொடங்கிவிடலாகாது. அத்தகைய முழக்கம் பெருமையன்று, இழிவு. தொல்காப்பியர் கண்டது மொழியை. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு நூற்பாக்களில் ஒரு மொழியின் இயக்கத்தை எழுத்து, சொல், பொருள் எனக் கூறுபடுத்தி, ஒன்றில் நிறுவியதைப் பிறிதொன்றில் ஆண்டு, முரணின்றிக் கட்டிய அம்முறையே இங்குப் பேசப்படுவது. முறை பழையதாயினும் பணி புதிது. புதுப்பணியைப் புதிதாகவே கற்கவேண்டும்.

இனி, தமிழிலக்கியம் கற்றோர்க்கு ஏன் பாதியிடம் என்னும் வினா. 1972-ஆம் ஆண்டிற் தேவிது பார்னசு என்னும் அறிஞர், பெரிய நிரலொன்றை எவ்வடிப்படையிற் கூறுபடுத்துவது என்று ஆய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். இத்துறையின் முதனூல்களுள் ஒன்றாக இன்றளவும் அது பயிலப்படுகின்றது. அவர் எடுத்துக்கொண்ட சான்று இவ்வவையோர்க்கு வியப்பூட்டும். ஏவூர்தியன்று, வைப்பகக் கணக்கன்று, ஒரு சொல்லடைவு! வரிகள் பல உள்ளே இடப்படும். ஒவ்வொரு வரியின் முதற்சொல்லையும் எடுத்து இறுதியில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி, எல்லாச் சொல்லும் ஒருமுறை தலையில் நிற்குமாறு செய்து, பின்னர் அனைத்தையும் அகரவரிசையில் அடுக்கித் தரல்வேண்டும். கழக இலக்கியத்துக்குத் தொடரடைவு தொகுக்கும் புலவன் தாள்துண்டுகளில் எழுதி அடுக்கி ஆண்டுக்கணக்கிற் செய்யும் பணிக்கு உறவான பணி அது.

இதனை இருவகையிற் கட்டலாம் என்று பார்னசு காட்டினார். பணி நிகழும் வரிசைப்படியே உள்ளிடல், சுழற்றல், அடுக்கல், வெளியிடல் என நான்காகப் பிரிப்பது ஒருவகை. எவரும் முதலில் நினைப்பது அதுவே. அதன்படி கட்டினால், வரிகள் நினைவகத்தில் எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பது எல்லாக் கூறுகளுக்கும் தெரிந்திருக்கும். அவ்வைப்புமுறையை மாற்றினால் எல்லாக் கூறுகளையும் உடைத்துக் கட்டவேண்டும். மற்றொரு வகையோ, நாளை எதெது மாறக்கூடும் என்று முன்னறிந்து, மாறக்கூடிய ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூற்றினுள் மறைத்துவைப்பது. வைப்புமுறை ஒரு கூற்றுக்கு மட்டுமே தெரியும். பிற கூறுகள் அதனிடம் கேட்டுப் பெறுமேயன்றி உள்ளே கைவையா. மாற்றம் வந்தால் ஒரு கதவைத் திறந்தாற் போதும். மறைத்தல் என்பது இங்குக் கள்ளமன்று, காவல்.

இதே சொல்லடைவைத் தமிழுக்குக் கட்டும்போது என்ன நிகழ்கின்றது என்று காண்க. மலர், மழை, மறம், மனம் என்னும் நான்கு சொற்களைக் கணினியிடம் தந்து வரிசைப்படுத்தச் சொன்னால், எளிய நிரலொன்று மனம், மறம், மலர், மழை என்று அடுக்கித் தரும். தொடக்கப்பள்ளிச் சிறுவனும் செய்யாத பிழை! ஏன் இப்படி? ஒருங்குறி என்னும் உலகக் குறிமுறை 1991-இல் வெளிவந்தபோது, தமிழெழுத்துகள் இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இசுக்கி முறையைப் பின்பற்றி அமர்த்தப்பட்டன. அம்முறை இந்திய எழுத்துகளையெல்லாம் நாகரியின் ஒழுங்குக்கு ஒப்ப வைத்தது. ஆகவே னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ழகரம் ளகரத்தின் பின்னும் போய் அமர்ந்தன. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் வழிவழி ஒழுங்கு அவ்வெண்களில் இல்லை. புள்ளியெழுத்தின் நிலையும் அத்தகையதே. அகரமுதலியில் 'அக்கம்' முன்னும் 'அகம்' பின்னும் நிற்கும். எண்ணொழுங்கை நம்பும் நிரலோ 'அகம்' என்பதை முன்னே வைக்கும்.

கேட்ட மாத்திரத்திற் சினம் பொங்குவது இயல்பே. ஆயினும் சினத்தை அளவோடு கொள்க. ஒருங்குறியை நடத்துவோர், குறியெண் ஒழுங்கு வேறு, அகரவரிசை வேறு என்று தெளிவாகக் கூறி, ஒவ்வொரு மொழிக்கும் வரிசைப்படுத்தும் முறையைத் தனியே வகுக்க வழிசெய்துள்ளனர். தமிழுக்கும் அந்நெறி எழுதப்பட்டே உள்ளது. நிரலர் அதனை அழைத்துப் பயன்படுத்தினாற் போதும். பயன்படுத்தாமைக்குக் கரணியம் பகையன்று, அறியாமை. நிரலெழுதும் இளைஞனுக்கு வல்லினம், மெல்லினம், இடையினம் பள்ளியோடு மறந்துபோயின. நெடுங்கணக்கு நெஞ்சில் நிற்கும் புலவர்க்கோ நிரல் என்றால் அச்சம். இருவரும் ஓரறையில் அமர்ந்து கற்கும் நாள் வந்தாலன்றி இக்குறை தீராது. பாதியிடம் வேண்டும் என்றதற்குக் கரணியம் இதுவே.

இன்னும் சில சொல்லலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. கணினியிடம் எண்ணச் சொன்னால், உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, ஐந்து என்று விடைதரும் நிரல்களே பல. 'கொ' என்பதைக் கணினியுள் இருவகையில் எழுதி வைக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒருவர் இடுவார், இரு குறியாகப் பிரித்து மற்றொருவர் இடுவார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு எழுதிவிடுவோர் எண்ணிறந்தோர். அவ்வாறு எழுதப்பட்ட ஔவையார் நூலகப் பட்டியலில் வேறொரு பெண்பாற் புலவராகிவிடுகின்றார். ('கணிணி' என்று டண்ணகரம் இரண்டிட்டு எழுதும் கணினிக் கடைப் பலகைகளைப் பற்றி இங்குப் பேசாமல் விடுவதே நன்று.) தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியையும், எல்லாத் தமிழெழுத்துக்கும் தனித்தனி இடந்தரும் பதினாறு நுண்மக் குறிமுறை ஒன்றையும் தரமாக அறிவித்தது. ஆணை பிறப்பது எளிது. ஆணையைக் கட்டுமானமாக்கும் கை வேண்டுமன்றோ?

தமிழாசிரியர் அறிந்த நெறிகள் இக்கல்வியில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு மேலும் ஒன்று. நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்தார். அவற்றுட் கூறியது கூறல் ஒன்று. மின்கட்டணம் கணக்கிடும் மென்பொருளில், ஓரலகுக்கு இத்துணைக் காசு என்னும் எண்ணை ஏழிடங்களில் எழுதிவைத்தான் ஒருவன். கட்டணம் மாறிற்று. வந்தவன் ஆறிடங்களில் திருத்தினான், ஏழாவதைக் கண்டானில்லை. வீட்டுக்கு ஒரு கணக்கு, அலுவலகத்துக்கு ஒரு கணக்கு! கூறியது கூறலே ஈண்டு மாறுகொளக் கூறலாகவும் முடிந்தது. ஓருண்மையை ஓரிடத்தில் மட்டுமே எழுதுக என்று மேலை நூல்கள் இன்று வற்புறுத்துவது இதனையே. இக்குற்றங்களின் பெயரைத் தமிழ் மாணவன் முன்பே அறிவான். பெயர் தெரிந்த குற்றத்தைக் கண்டுபிடித்தல் எளிது.

அரங்கேற்றமும் அத்தகையதே. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்பதைப் பாயிரம் கூறும். நூலை ஆக்கியோன் ஒருவன், குற்றங் காண்போன் மற்றொருவன் என்னும் இம்முறையை 1976-இல் ஐ.பி.எம். நிறுவனத்து மைக்கேல் பேகன் நிரலுக்கு வகுத்தார் (கடையெழு வள்ளலுள் ஒருவர் பெயர்போல ஒலிப்பினும் இவர் வேறொருவர்). எழுதியவனை ஒதுக்கி எழுத்தை மட்டும் வரிவரியாக ஆய்ந்து பிழை குறிக்கும் அவை அது. உரைமரபுக்கும் இங்கு இடமுண்டு. தொனால்டு கனூத்து என்னும் பெருங்கணிஞர் 1984-இல், நிரலை இலக்கியம்போல மாந்தர் படிப்பதற்கென எழுதுக என்றார். மூலமும் உரையும் ஒன்றையொன்று தழுவிச் செல்ல, தாம் ஆக்கிய தெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் முழு நிரலையும் 1986-இல் நூலாகவே வெளியிட்டார். பரிமேலழகரைக் கற்ற கண்ணுக்கு அந்நூலின் அமைப்பு அயலாகத் தோன்றாது.

தமிழ்வழியில் உயர்தொழிற்கல்வி ஒல்லாது என்போர் வரலாறு அறியார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழ்வழியே கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்கினார். 1867-இல் வந்த அறுவை மருத்துவ நூலுக்கு 'இரணவைத்தியம்' என்று பெயர். 1875-இல் வந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிசுதம்' என்று பெயர். பெயர்கள் தூய தமிழல்ல என்று இன்று குறைகாணலாம். ஆயினும் அவற்றைப் படித்தோர் நோயாளியைத் தொட்டு மருத்துவம் செய்தனர். கோவையில் 1948-இல் தோன்றிய கலைக்கதிர் அறிவியலைத் தமிழில் மாதந்தோறும் தந்தது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அதே ஆண்டிற் தமிழ்வழிக் கற்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாக வழங்கும் சட்டமும் வந்தது. பாலமும் பொறியும் தமிழில் ஆகுமெனின், மொழியே மூலப்பொருளான மென்பொருள் ஏன் ஆகாது?

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்க்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. கலைச்சொற் பட்டியல்கள் வேண்டிய அளவுக்கு வந்துவிட்டன. ஒன்றுக்கு மூன்று சொல் என்னும் வளமும் உண்டு. இங்கு நிரல் எனப்படுவது ஈழத்துப் பாடநூல்களிற் செய்நிரல். எது சிறந்தது என்று அரங்குதோறும் பொருதுவதினும், இரண்டில் ஒன்றை நூறு மாணவர் நாள்தோறும் வாயாற் சொல்லிப் பழகும் வகுப்பறையைத் திறப்பது மேல். புழங்காத சொல் அகராதிக்குள்ளேயே உலர்ந்துவிடும். இஃபு, வைல் முதலிய நிரல்மொழிச் சொற்களையெல்லாம் தமிழாக்கிய பின்னரே தொடங்குதல் வேண்டும் என்பாரும் உளர். 'எழில்' என்னும் நிரல்மொழி தொடக்கநிலை மாணவர்க்கென அவ்வாறே தமிழ்ச் சொற்களால் ஆக்கப்பட்டது, போற்றத்தக்க முயற்சி. முதுகலை மாணவர்க்கு அது தேவையில்லை. பைத்தனில் அத்தகைய சொற்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து. கூட்டற்குறி கழித்தற்குறிபோல அவற்றைக் கொண்டுவிடலாம். கட்டுவோன் தானே இடும் பெயர்களே ஆயிரக்கணக்கின. அவற்றிலன்றோ எண்ணம் குடியிருக்கின்றது! 2008-இல் வெளிவந்த பைத்தன் மூன்றாம் பதிப்பு முதல் அப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். கட்டணம், நிலுவை, கடைசிநாள் என்று எழுதிய நிரலைப் பொறி மறுப்பதில்லை. மறுப்போர் மாந்தரே.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோர் வினா. அதனை எள்ளி ஒதுக்குவது அறமாகாது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் உழவர்க்கும் நெசவாளர்க்கும் அவ்வினாவே முதல்வினா. சப்பானியர் யுகிகிரோ மாட்சுமோட்டோ 1995-இல் இரூபி என்னும் நிரல்மொழியை வெளியிட்டார். சில ஆண்டுகள் அதன் விளக்கவுரைகள் பெரிதும் சப்பானிய மொழியிலேயே இருந்தன. 2000-இலேதான் ஆங்கிலத்தில் முதல் நூல் வந்தது. அதன்பின் உலகமே அதனை ஆண்டது. தம்மொழியிற் சிந்தித்தமையால் அவர்க்கு உலகம் சுருங்கிவிடவில்லை. அதற்காக ஆங்கிலத்தைத் துறக்கவேண்டும் என்பதும் கருத்தன்று. இப்படிப்பில் நாள்தோறும் ஒரு பாடவேளை, ஆங்கிலத் தொழில்நுட்ப உரையைப் படித்துத் தமிழிற் சுருக்கி எழுதும் பயிற்சி இருத்தல் வேண்டும். ஆங்கிலம் படிக்கும் மொழி. தமிழ் எண்ணும் மொழி, வழக்காடும் மொழி, விளக்கும் மொழி. அரசுத் துறைகளின் மென்பொருள்களைப் பேணும் பணியில் இப்பட்டத்தார்க்கு இடந்தருவதும், முன்கூறிய சட்டத்தின் பயனை அவர்க்கு உறுதிசெய்வதும் அரசின் கையில் உள்ளன.

படிப்பின் அமைப்பு பற்றி ஒரு வரைவு. 1981-இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஒரு பொறியியற் கல்வி நிலையமும் கைகோத்து இதனை நடத்தலாம். முதலாண்டுக்கு முப்பது மாணவர் போதும். மிகுதியாகச் சேர்த்தால் அரங்கேற்றம் நடவாது, சடங்கே நடக்கும். புதுமுகத் தமிழ்ப் பட்டதாரிகளுக்கு வகுப்புத் தொடங்குமுன் மூன்று திங்கள் நிரலெழுதும் பயிற்சியும், கணினிப் பட்டதாரிகளுக்கு அதே மூன்று திங்கள் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் தருதல் வேண்டும்.

முதற்பருவத்திற் புதுநிரல் ஒன்றும் எழுதவேண்டா. பிறர் எழுதிய நல்ல நிரல்களைப் படித்து அவற்றுக்கு உரை வரைதலே பணி. இன்றைய கல்லூரிகளில் மாணவர் பிறர் நிரலைப் படிப்பது மிகவும் அரிது. எழுதுகின்றனர், எழுதிக்கொண்டே போகின்றனர். படிக்காமல் எழுதுவோனைப் புலவன் என்று எவரும் சொல்லார். இரண்டாம் பருவத்திற் பார்னசின் சொல்லடைவைக் கழக இலக்கியத்துக்கு இருமுறை கட்டவேண்டும், முன்சொன்ன இருவகையாலும். கட்டி முடிந்தபின் ஆசிரியர் ஒருநாட் காலை வந்து, வரிசைமுறையைத் தமிழ் நெடுங்கணக்குக்கு மாற்றுக என்பார். எவ்வகைக் கட்டுமானத்தில் எத்தனை இடங்களைத் தொடவேண்டியிருந்தது என்று மாணவர் தாமே எண்ணிக் குறிப்பெழுதுவர். மூன்றாம் பருவம் சோதனைக்கும் பிழைக்கும் உரியது. பதிப்புகளை வைத்துப் பேணும் கலையும் அப்பருவத்திலேயே. சாமிநாதர் ஏடுதோறும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தாற்போல, எவர் எந்நாளில் எவ்வரியை ஏன் மாற்றினார் என்று கணினி குறித்துவைக்கும் கிட் முதலிய கருவிகள் 2005 முதல் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஏன் என்னும் பகுதியை மாந்தரே எழுதவேண்டும். அதனைத் தெளிந்த தமிழில் எழுதப் பழக்குவதற்கே ஒரு பருவம் வேண்டியிருக்கும்.

ஆசிரியர் யார் என்பதே அரிய வினா. இத்துறையில் இருபது முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த தமிழர் சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்தும் உளர். கிழமைக்கு ஒருநாள் வந்து கற்பிக்க அவருட் சிலரேனும் இசைவர். அவர்க்குத் தமிழிற் பேசத் தொடக்கத்தில் நாத் தடுமாறும். உடன் அமரும் தமிழாசிரியர் சொல் எடுத்துக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பு நூலை மட்டும் நம்பி இதனைத் தொடங்கலாகாது. முதலிரண்டு ஆண்டு வகுப்புரைகளே தொகுக்கப்பட்டு மூன்றாமாண்டில் நூலாதல் வேண்டும்.

இறுதித் தேர்வுக்கு மூன்று மணிநேர வினாத்தாள் வேண்டா. நான்காம் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும், பலர் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றிற் தமிழுக்குள்ள குறையொன்றைத் திருத்துவர். அல்லது சிற்றூர் நூலகத்துக்கோ கூட்டுறவுக் கழகத்துக்கோ பயன்படும் ஒன்றைப் புதிதாகக் கட்டுவர். கட்டியதும் மதிப்பெண் இல்லை. அதனை இளையாண்டு மாணவர் ஒருவர் கையிற் கொடுத்து, இன்ன மாற்றம் செய்க என்று பணித்து, மூத்தவரை அறைக்கு வெளியே அமர்த்திவிடவேண்டும். இளையவர் எவரையும் வினவாமல் அம்மாற்றத்தைச் செய்து முடிக்க எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்தே மூத்தவர்க்கு மதிப்பெண்.